ஒரு தீப்பெட்டி உயரம்

பி.காம். படித்தவனிடம் டயர் விஷயமாக யோசனை கேட்கவே கூடாது. என் அத்தான் கேட்டார். நானும் சொன்னேன். அதற்கப்புறம் ஒன்றரை மாதம், என் அக்கா எனக்குச் சோறு போடும்போதெல்லாம் கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பேச்சுச் சத்தம் இல்லை.

எனக்கு ஊர் அச்சங்குளம். சாத்தூர்ப் பக்கம். (சாத்தூர் என்றதும் காராச்சேவு ஞாபகம் வந்து நாக்கைச் சப்புகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். காராச்சேவு பின்னால் வருகிறது.) எங்கள் கரிசல் மண் வெயில் காலத்தில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கல் மாதிரி இருக்கும். நாலு தூறல் விழட்டும், அல்வா! காலிலிருந்து செருப்பைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும். திருப்பித் தராது.

பட்டாசு ஆலைகள் ஊரை விட்டு ஒதுங்கித்தான் இருக்கும். தார் ரோட்டிலிருந்து இறங்கி, வேலிக்கருவைக்கு நடுவே ஒன்றிரண்டு கிலோமீட்டர் மண்பாதையில் போனால்தான் கேட் வரும். தீபாவளி வருவது ஐப்பசியில். மழை கொட்டுவதும் ஐப்பசியில். அதாவது வண்டி ஓடியே ஆகவேண்டிய நாளும், ஓடவே முடியாத நாளும் காலண்டரில் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் இருக்கின்றன.

அத்தானிடம் ஒரு டாடா 407. 2011 மாடல். 1986-ல் முதன்முதலாக ரோட்டுக்கு வந்த வண்டி அது. கூடவே ஜப்பான் கம்பெனிகளோடு கை கோத்துக்கொண்டு வந்த சின்ன லாரிகளில் சில ஓய்ந்துபோக, இது இன்னும் எங்கள் பக்கத்து மாட்டு வண்டி மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. சிவகாசியில் காகித ரோல் ஏற்றி, வெடிக்குக் குழாய் சுற்றுகிற இடங்களிலும் ஆலைகளிலும் இறக்குவது அத்தானின் தொழில். வெடியை ஏற்றுவதில்லை. அதில் அவருக்கு இஷ்டமில்லை. நான் சிவகாசியில் இரண்டு அச்சாபீஸ்களுக்குக் கணக்கு எழுதுகிறவன். மிச்ச நேரத்தில் இந்த மாதிரி எதையாவது எழுதுகிறவன். ஆகவே குடும்பத்தில் எந்தச் செலவுக்கும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பது வழக்கம்.

2023 தீபாவளி நவம்பர் 12-ல் வந்தது. அக்டோபரிலேயே மழை ஆரம்பம். ஒரு வாரத்தில் வண்டி மூன்று தடவை மாட்டிக்கொண்டது. சக்கரம் ஓடி ஓடிப் பாதையின் இரண்டு ஓரமும் பள்ளமாகிவிட, நடுவில் ஒரு மேடு. பின் அச்சுக்கு நடுவே தொங்குகிற டிஃபரன்ஷியல் உருண்டை அந்த மேட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்தால் எழுந்திருக்காது, கல்யாண வீட்டுப் பெரிய மாமா மாதிரி. டிராக்டர் வைத்து இழுக்க ஒவ்வொரு தடவையும் ஐந்நூறு ரூபாய்.

"மாப்ள, வண்டி இன்னுங் கொஞ்சம் ஒசரமா இருந்தா தேவலை" என்றார் அத்தான்.

அந்த நேரம் பார்த்து எனக்குத் தெரிந்த ஒருவர், வண்டியை விற்றுவிட்டுத் தனியாகக் கழற்றி வைத்திருந்த டயர்களைக் கொடுக்கத் தயாராக இருந்தார். ஏழு டயர். முன்னால் ரெண்டு, பின்னால் நாலு, ஸ்டெப்னி ஒன்று. பாதிகூடத் தேயவில்லை. ஒன்று நாலாயிரம். அளவு 7.50-16.

அத்தான் வண்டியில் இருந்தது 7.00-16.

நான் உடனே நோட்டை எடுத்தேன். 7.00 என்பது டயரின் அகலம், அங்குலத்தில். 16 என்பது உள்ளே இருக்கும் டிஸ்க்கின் விட்டம். இதுவும் 16, அதுவும் 16. ஆகவே மாட்டும்! 7.00 டயரின் முழு விட்டம் சுமார் 780 மில்லிமீட்டர், 7.50 சுமார் 810. முப்பது மில்லி லாபம். புது டயர் விலையில் பாதிகூட இல்லை. "அத்தான், கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க" என்றேன். அவர் உண்மையிலேயே மூடிக்கொண்டார்.

மாட்டும் என்பதற்கும் ஓடும் என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பாடத்திட்டத்தில் இல்லை ஸார்.

சாத்தூரில், ரோட்டோர டயர் கடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாற்றினோம். கடைத் தம்பிக்கு இருபது வயசு இருக்கும். டயரையும் டிஸ்க்கையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அண்ணே, டிஸ்க்கு அஞ்சரை. டயரு ஏழரை. மேஸ்திரிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"ஏழரையைப் பத்தி எங்கிட்டயே பேசறியா? மாட்டுப்பா!"

மாட்டினான். நான் ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுசாக ஒடிக்கச் சொல்லி, குனிந்து பார்த்தேன். எங்கேயும் உரசவில்லை. இடது பக்கம் ஒடித்துப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் சுவர் இருந்தது, எட்டிப் பார்க்க இடமில்லை. மேலும் வலது எப்படியோ இடதும் அப்படித்தானே? வரவும் செலவும் போல இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன். அரைக் கிலோ காராச்சேவு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினோம். வண்டி நிமிர்ந்து நிற்கிறாற் போல எங்கள் இரண்டு பேர் கண்ணுக்கும் தெரிந்தது. அக்காவுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. "அப்படியேதான இருக்கு?" என்றாள். பொம்பளைகளுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று ஒரு பார்வை பார்த்தேன். அந்தப் பார்வையைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை இரண்டு டன் காகித ரோலோடு கிளம்பினார் அத்தான். நானும் ஏறிக்கொண்டேன், வெற்றியை நேரில் பார்க்க. முதல் இடது திருப்பத்திலேயே முன்னாலிருந்து 'கர்ர்ர்' என்று கோணி கிழிகிற சத்தம். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் விட்டதும் நின்றுவிட்டது. "புது டயரு, அப்படித்தான் இருக்கும்" என்றேன். இப்படியே இரண்டு மூன்று 'கர்ர்ர்'. அப்புறம் நேர் ரோடு. சத்தம் இல்லை. மண்பாதையில் இறங்கி, அந்த மேட்டை உருண்டை லேசாகச் செதுக்கிக்கொண்டே தாண்டி, ஆலை கேட்டுக்கு முன்னால் போய் நின்றோம்.

போர்மேன் வெளியே வந்தார். வண்டியிடம் வரவில்லை. பத்தடி தள்ளியே நின்று மூக்கைத் தூக்கினார்.

"என்னய்யா கருகுது?"

எங்களுக்கும் அப்போதுதான் உறைத்தது. ரப்பர் கருகுகிற வாசனை.

"எடு! வண்டியப் பின்னால எடு! ஒரு அடி உள்ள வரக் கூடாது!"

அந்த மனிதர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. உள்ளே ஷெட்டுகளில் வேலை செய்த பெண்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து நின்றார்கள். யாரும் எதுவும் பேசவில்லை. வண்டியைப் பார்க்கவில்லை, அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் கருகல் வாசனை வந்தால் முதலில் ஆளைத்தான் எண்ணுவோம்.

2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலையில் வெடித்தது. இருபது பேருக்குக் குறையாமல் போய்விட்டார்கள். பேப்பரில் நீங்களும் படித்திருப்பீர்கள், மறந்தும் இருப்பீர்கள், தப்பில்லை. என் அக்கா அதுவரை இன்னொரு ஆலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அன்றோடு நின்றுவிட்டாள். அவளைப் போல நிற்க முடியாதவர்கள்தான் அந்த ஷெட் வாசலில் நின்றிருந்தவர்கள்.

வண்டியை இருநூறு அடிக்கும் மேல் பின்னால் தள்ளி நிறுத்திக் கீழே இறங்கினோம். பின்னால் இடது பக்கம். ஜோடிச் சக்கரம் இரண்டுக்கும் நடுவிலிருந்து மெல்லிசாகப் புகை. போர்மேன் இரண்டு வாளி மணலோடு ஆளை நிறுத்திவிட்டுப் போனார். அது ஆறுகிற வரை ஒரு மணி நேரம் நின்றோம். அத்தான் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

போர்மேன் கடைசியில் வந்து சொன்னது இவ்வளவுதான்: "தீபாவளி முடியட்டும். அதுவரைக்கும் வேற வண்டி பாத்துக்கிடுதோம்."

வருஷத்தின் நல்ல லோடு எல்லாம் அந்த ஒரு மாதத்தில்தான். அக்காவின் கரண்டிச் சத்தம் அன்று ராத்திரி ஆரம்பித்தது.

மறுநாள் பட்டறை மேஸ்திரியிடம் போனோம். அறுபது வயசுக்காரர். வண்டியைப் பார்க்குமுன் என்னைப் பார்த்தார். "படிச்ச புள்ளையா?" என்றார். ஆமாம் என்றேன். "அதான்" என்றார்.

பிறகு அவர் செய்தது ஒவ்வொன்றும் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. லோடை இறக்கவே விடவில்லை. "காலி வண்டியில எந்த டயரும் ஒரசாதுய்யா. சாமி படத்துக்குப் பூ போட்ட மாதிரி சும்மா இருக்கும்." முன் சக்கரத்தின் உள்பக்கம் முழுக்கச் சுண்ணாம்புக் கட்டியால் தடவினார். ஸ்டியரிங்கை இடது கடைசி வரை ஒடி, வலது கடைசி வரை ஒடி என்றார். பிறகு ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் மரக்கட்டை மேல் ஏற்றி, அச்சு கோணலாக நிற்கும்போது மறுபடி ஒடிக்கச் சொன்னார். ரோட்டில் வண்டி பள்ளத்தில் இறங்கிக்கொண்டே திரும்பும் அல்லவா, அந்தக் கோணல். சுண்ணாம்பு எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே உரசல். இடது சக்கரம் முழுசாக ஒடிந்தால் அதன் உள் விளிம்பு ஸ்பிரிங் பட்டையில் போய்த் தட்டியது. பட்டையில் ரப்பர்த் தீற்றல். வலது பக்கம் நூலிழையில் தப்பியிருந்தது. பழைய வண்டி, அச்சு ஒரு பக்கம் இம்மி நகர்ந்திருந்தாலும் இரண்டு பக்கமும் சமமாக இராது. என் வரவு செலவுத் தத்துவம் அங்கே செத்தது.

"இதுகூட சின்ன விஷயம். ஸ்டியரிங் கடைசி வரை ஒடியாம தடுக்க நக்கிள்ள ஒரு போல்ட் இருக்கு. அத வெளிய எடுத்து வச்சா ஒரசாது. ஆனா வண்டி திரும்ப எடம் ஜாஸ்தி வேணும். சிவகாசி சந்துக்குள்ள திருப்பத் தெரியுமா ஒங்களுக்கு?" என்று அத்தானைக் கேட்டுவிட்டு, "பெரிய விஷயம் பின்னால இருக்கு" என்று என் கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

ஜோடிச் சக்கரத்தின் நடுவே விரலை விடச் சொன்னார். மேல்பக்கம் ஒரு விரல் போயிற்று. "கீழ விடு." தரையை ஒட்டிய இடத்தில், லோடில் டயர் பிதுங்குகிற இடத்தில், தபால் கார்டுகூடப் போகாது. பழைய 7.00 டயரில் மேலே இரண்டு விரல் தாராளமாகப் போகும். அகலத்தில் ஒவ்வொரு டயரும் 15 மில்லி பெருத்தது. இரண்டும் சேர்ந்து நடு இடைவெளியைத் தின்றுவிட்டன. டிஸ்க்குகள் நகரவில்லை, அவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. போதாததற்கு உள் டயரில் காற்றும் கொஞ்சம் குறைவு. வெளி டயர் மறைப்பதால் அது கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் லாரி டிரைவர்கள் டீக் குடிக்க இறங்கும்போதெல்லாம் கம்பியால் ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிக் காது கொடுக்கிறார்கள். 'டங்' என்றால் சரி. 'தொப்' என்றால் பஞ்சர் கடை. அதை நான் ஏதோ பழக்க தோஷம் என்று நினைத்திருந்தேன்.

கணக்குப் புத்தி விடவில்லை. நோட்டில் போட்டுப் பார்த்தேன். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சக்கரம் நிமிஷத்துக்கு 260 தடவை சுற்றுகிறது. சுற்றுக்கு ஒரு தடவை இரண்டு டயரும் கன்னத்தோடு கன்னம் தேய்க்கின்றன. நடுவே காற்றோட்டம் கிடையாது. சூடு போக வழியில்லை. ரப்பர் தேய்ந்து உள்ளே நைலான் நூல் வெளியே தெரிந்தது. இன்னும் ஒரு மணி நேரம் ஓடியிருந்தால் புகை நெருப்பாகியிருக்கும் என்றார் மேஸ்திரி. மேலே இரண்டு டன் காகிதம். எதிரே ஆலை. நான் நோட்டை மூடிவிட்டேன்.

"நடுவுல ஒரு பிளேட் வச்சுத் தள்ளிரலாமா மேஸ்திரி?" என்று அத்தான் கேட்டார்.

"தள்ளலாம். போல்ட் எட்டாது. பேரிங் தாங்காது. சக்கரம் ஒனக்கு முன்னால ஊருக்குப் போயிரும்."

முறையான வழி ஒன்று உண்டு. 7.50 டயருக்கு உரிய ஆறு அங்குல அகல டிஸ்க் தனி. அதில் குழிவு கூடுதல் என்பதால் ஜோடிக்கு நடுவே இடைவெளியும் தானாகக் கிடைக்கும். ஆனால் ஏழு டிஸ்க் வாங்க வேண்டும், நம் ஹப்பின் போல்ட் ஓட்டைக்குப் பொருந்த வேண்டும், முன்னால் பட்டையையும் மட்கார்டையும் மறுபடி சுண்ணாம்பு வைத்துப் பார்க்க வேண்டும். அதோடு போகாது. ஆர்.சி.யில் டயர் அளவும் ஒரு விவரம். அதில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு சொல்கிறது. பன்னிரண்டு வயசு வண்டி. வருஷா வருஷம் எஃப்.சி.க்குப் போகும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் முகத்தைப் பார்த்தாக வேண்டும். ஏதாவது ஆகிவிட்டால் இன்ஷூரன்ஸ்காரர் டயரைத்தான் முதலில் படிப்பார். இன்னொரு வேடிக்கை: பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், மீட்டருக்கு அது தெரியாது. நூறு கிலோமீட்டர் ஓடினால் 96 காட்டும். கிலோமீட்டர் கணக்கில் வாடகை வாங்குகிற அத்தானுக்கு நூற்றுக்கு நாலு நஷ்டம். இந்த யோசனையைச் சொன்னது ஒரு கணக்குப்பிள்ளை!

(ஆபீசுக்கு பைக்கில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பின்னால் பெரிய டயர் போட்டால் கம்பீரமாக இருக்கும் என்று உங்களில் பலருக்கு ஆசை இருப்பது எனக்குத் தெரியும். போடுமுன், பின் ஸீட்டில் கனமான நண்பர் ஒருவரை உட்காரவைத்து, செயினுக்கும் டயருக்கும் நடுவே விரல் போகிறதா, மட்கார்டு இடிக்கிறதா என்று பாருங்கள். தனியாக ஸ்டாண்ட் போட்டுப் பார்ப்பது என் ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சை மாதிரிதான்.)

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, மேஸ்திரி பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கேட்டார்: "எதுக்குய்யா டயரு மாத்துனீங்க?"

"வண்டி முப்பது மில்லி ஒசரட்டும்னுதான்."

"முப்பதா? டயரோட நடுவுலதான அச்சு இருக்கு? மேல பாதி, கீழ பாதி. அச்சு ஒசந்தது பதினஞ்சு மில்லி."

கையிலிருந்த தீப்பெட்டியைப் படுக்கை வாட்டில் என் முன்னால் வைத்தார். "இம்புட்டுத்தான்."

ஏழு டயர், இருபத்தெட்டாயிரம் ரூபாய், ஒரு தீபாவளி லோடு. வாங்கிய உயரம், ஒரு தீப்பெட்டியின் கனம். 'அப்படியேதான இருக்கு?' என்று அக்கா கேட்டது சரியாகத்தான் இருந்திருக்கிறது.

பழைய டயர்களைத் தேடிச் சாத்தூர் போனோம். வந்த விலைக்குத் தள்ளிவிடச் சொல்லி வந்திருந்தோமே, இருக்குமோ இருக்காதோ என்று பயம். கடைத் தம்பி உள்ளே போய் ஏழையும் உருட்டிக்கொண்டு வந்தான். ஒன்றைக்கூட விற்கவில்லை.

"எப்படியும் வருவீங்கன்னு தெரியும்ண்ணே."

பின் சக்கரம் நாலுக்கும், அதே 7.00 அளவிலேயே, ஆழமான கட்டை வெட்டு வைத்த ரீட்ரெட் போட்டோம். கரிசலில் பிடிமானம் கொடுப்பது வெட்டுதான். தொங்கிப்போயிருந்த பின் ஸ்பிரிங் பட்டையை மேஸ்திரி கழற்றி அடித்து வளைவு ஏற்றியதில் பாடி ஒரு அங்குலம் மேலே வந்தது; அடியில் தொங்குகிற ஸ்டெப்னி சகதியில் கோலம் போடுவது நின்றது. பெரிய டயரில் நல்லதாக மிஞ்சியது ஐந்து. தலா மூவாயிரத்துக்கு, அதே அளவு டயர் போட்ட வண்டிக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டார். என் கணக்கில் பதின்மூவாயிரம் நஷ்டம். கூலி தனி. போன லோடு தனி. இதில் பாதியை நான் கொடுக்கிறேன் என்றேன். அத்தான் வேண்டாம் என்றார். அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதா மாதம் கொடுத்து அடைத்தேன்.

ஆனால் டிஃபரன்ஷியல் உருண்டை? பட்டையை அடித்தால் பாடிதான் உயரும், உருண்டை உயராது. அது அச்சோடு அச்சாகப் பழைய உயரத்தில்தான் இருந்தது. மண்பாதையின் நடு மேடும் இருந்தது. தீபாவளி முடிந்து, போர்மேன் மனசு இறங்கி, மறுபடி லோடு கேட்ட அன்று ராத்திரி நானும் அத்தானும் திண்ணையில் உட்கார்ந்து இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். ஜாக்கி, செயின், பலகை என்று என்னென்னவோ யோசனை. எனக்கு வாய் அரித்தது, அடக்கிக்கொண்டேன்.

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு என்னைப் பார்த்து முதல் வார்த்தை பேசினாள்.

"ஏன்டா, வண்டியத் தூக்கணும் தூக்கணும்ங்கிறீங்களே... அந்த மேட்டைச் செதுக்கினா என்ன?"

மறுநாள் காலை நான், அத்தான், ஆலையிலிருந்து இரண்டு பேர், நாலு மண்வெட்டி. மேடு ஈரமாக இருந்ததால் வெண்ணெய் மாதிரி வந்தது. மதியத்துக்குள் எங்கெங்கே உருண்டை தட்டுகிறதோ அங்கெல்லாம் ஒரு சாண் வழித்தெடுத்துவிட்டு, பள்ளத்தில் சரளை போட்டோம். செலவு: டீ, வடை.

இப்போதும் வண்டி கேட்டுக்குப் போனால், போர்மேன் முதலில் இடது பின் சக்கரத்தருகே குனிந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார். அத்தான் அதற்காகவே இரண்டு நிமிஷம் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.